வில்லியம் ஜேம்ஸ்

மன உறுதியைப் பற்றி நூல் எழுதுவோர் பிறவியிலேயே உறுதி வாய்ந்தவராக இருத்தல் வேண்டும் என நாம் எண்ணக்கூடும். இருபத்தெட்டு வயது வரையில் இன்ன தொழில் செய்வது என்று துணியமாட்டாமலும், நோயினின்று மீளமாட்டாமலும் வருந்திய ஒருவர், பிற்காலத்தில் மனித உள்ளத்தின் உறுதியையும் உணர்ச்சியையும் ஆராய்ந்து பெரும்புகழ் எய்தினார். அவரே அமெரிக்க உளநூல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ்.

அவர் 1842 ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 11 ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். அவருடைய பாட்டனார் அயர்லாந்திலிருந்து குடியேறிப் பெரும்பொருள் ஈட்டியவர். ஆதலின் தந்தையார் பொருள் தேடும் கவலையின்றிச் சமய ஆராய்ச்சியில் காலங்கழித்தார். மக்களின் கல்வியில் அவருக்கு அளவிறந்த அக்கறை உண்டு. ஆயினும் எந்தப் பள்ளியும் அவருக்கு மனநிறைவு அளிக்கவில்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றிலுமாக மக்களைப் பள்ளி மாற்றிப் பள்ளி சேர்த்தார். வில்லியம் பல மொழிகளைக் கற்றார்; ஒன்றில் ஊன்றி நிற்கும் பழக்கத்தை மட்டும் கற்றாரல்லர். பின்னாளில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற ஹென்றி ஜேம்ஸ் இவருடைய தம்பியார்.

வில்லியம் முதலில் ஓவியம் பயின்றார். ஓராண்டிற்குள் அதனை விடுத்தார். 1861 இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் புகுந்து வேதியியல் கற்றார். பின்பு மருத்துவத்திற்கு மாறினார். 1865 இல் அகாசிஸ் என்னும் அறிஞருடன் அமேசான் ஆற்றுப்பகுதிக்குப் பயணம் சென்றபோது, வழியில் அம்மை நோயால் துன்புற்றார். கண்வலியும் முதுகுவலியும் அவரை விடாமல் பற்றின. 1869 இல் மருத்துவப் பட்டம் பெற்றாரேனும் மருத்துவத் தொழில் செய்தாரல்லர். தந்தையார் இல்லத்திலேயே செயலற்றுக் கிடந்தார்.

உடல் நோயினும் கொடியதாக இருந்தது அவருடைய உள்ளத்து நோய். மனிதனின் எண்ணமும் செயலும் உடற்கூற்றின் விளைவுகளே என்று அக்கால அறிவியலார் பலர் கருதினர். அஃது உண்மையாயின், தாம் முயன்று தம்மைத் திருத்திக்கொள்ளுதல் எங்ஙனம் இயலும் என்னும் ஐயம் அவரை வாட்டியது. வாழ்விலேயே வெறுப்புத் தோன்றியது. அந்நிலையில், 1870 ஆம் ஆண்டு ஏப்பிரல் இறுதியில், ரெனூவியே என்னும் பிரெஞ்சுத் தத்துவ அறிஞரின் கட்டுரையைப் படித்தார். பல எண்ணங்கள் எழக்கூடிய நேரத்தில் ஒன்றையே விரும்பிப் பற்றி நிற்க நம்மால் இயலும். அவ்வியல்பே உள்ளத்தின் உரிமை என்று அதில் கண்டார். அவ்வுரிமை உண்டெனத் தாமே துணிந்து நம்புவதென உறுதிகொண்டு, அதனை நாட்குறிப்பில் எழுதிவைத்தார். நோய் ஒரே நாளில் நீங்கிவிடவில்லை. நீங்கப் பல ஆண்டுகள் ஆயின. அதன் சாயல் இறுதிவரை இருந்தது. எனினும் எழுந்து நடக்கத் தொடங்கிய நாள் அதுவே எனலாம்.

1873 இல் ஹார்வர்டில் உடலியல் கற்பிக்கலானார். இரண்டாண்டுகளில் உளநூலும் கற்பித்தார். 1878 இல் ஆலிஸ் கிப்பென்ஸ் என்னும் ஆசிரியை அவருக்கு மனைவியாக வாய்த்தார்.

1884 இல் அவர் வெளியிட்ட கட்டுரை ஒன்று அறிஞரிடையே பெரும் விவாதத்தை எழுப்பியது. அச்சம் முதலில் தோன்றுகிறது, அதனால் உடல் நடுங்குகிறது என்பது உலகோர் கருத்து. ஜேம்ஸ் இதனைத் தலைகீழாக்கினார். அஞ்சத்தக்க பொருளைக் கண்டவுடன் நெஞ்சு துடிக்கிறது, மயிர் சிலிர்க்கிறது. இம்மாறுதல்களை நாம் உணர்வதே அச்சம் என்றார். இருளில் கிடக்கும் கயிற்றைப் பாம்பெனக் கருதித் துள்ளியவனை நினைத்துப் பார்ப்போம். விளக்கொளியில் அது கயிறே எனத் தெளிந்த பின்னும் அவன் நெஞ்சு சிறிது நேரம் அடித்துக்கொள்கிறது; அச்சமும் உடனே அகல்வதில்லை. உடலின் குறிகளை நீக்கிவிட்டால் அச்சத்தில் எஞ்சுவது யாது என்பதே ஜேம்ஸ் எழுப்பிய வினா. உணர்ச்சியின் புறக்குறிகளுக்கு மெய்ப்பாடு என்று பெயரிட்ட தமிழர்க்கு இவ்வினா சுவை பயப்பதாகும். டென்மார்க்கு நாட்டு மருத்துவர் லாங்கே என்பாரும் 1885 இல் இதனையொத்த கருத்தைத் தனியே வெளியிட்டார்.

இக்கொள்கையினின்று ஜேம்ஸ் ஒரு வழி கண்டார். வருத்தத்தை வருத்தத்தோடு போராடி வெல்லுதல் அரிது. நிமிர்ந்து நிற்றலும், மலர்ந்த முகத்துடன் பேசுதலும் நம் கையில் உள்ளவை. அவற்றைச் செய்தால் உள்ளமும் மெல்லப் பின்தொடரும். செயலற்றுக் கிடந்தறிந்தவர் கூறிய வழியாதலின் இதனை வெறும் ஏட்டுரையென ஒதுக்குதல் பொருந்தாது.

1878 இல், இரண்டாண்டுகளில் முடித்துத் தருவதாக ஒப்புக்கொண்ட உளநூலை, 1890 இல் தான் அவரால் முடிக்க முடிந்தது. அது இரண்டு தொகுதிகளில் ஏறத்தாழ 1,400 பக்கங்கள் கொண்டது. 1892 இல் அதன் சுருக்கம் வெளிவந்தது. மாணவர்கள் பெரிய நூலை ஜேம்ஸ் என்றும் சிறியதை ஜிம்மி என்றும் செல்லமாக அழைத்தனர். நற்செயலாக மாறாத உணர்ச்சி மனிதனைக் கெடுக்கும் என்று அந்நூல் கூறுகிறது. நாடகத் துயரைக் கண்டு கண்ணீர் பெருக்கும் சீமாட்டி, வெளியே கடுங்குளிரில் விறைத்துச் சாகும் தன் வண்டியோட்டியை மறந்திருப்பதை அதற்குச் சான்றாகக் காட்டுகிறது.

1906 ஏப்பிரல் 18 ஆம் நாள் விடியற்காலையில், கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்போர்டில் அவர் தங்கியிருந்தபோது பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. கட்டில் ஆடியது, பொருள்கள் சரிந்து விழுந்தன. அவ்வேளையில் தமக்கு அச்சம் சிறிதும் எழவில்லை என்றும், வியப்பும் களிப்புமே எழுந்தன என்றும் பின்னர் எழுதினார். அன்றே புகைவண்டி ஏறி, எரிந்துகொண்டிருந்த சான்பிரான்சிஸ்கோ நகரை அடைந்து, மக்களின் மனநிலையை நேரில் ஆராய்ந்தார். வீடிழந்தோர் புலம்பிக் கிடக்காமல் விரைந்து செயலில் இறங்கியதைக் கண்டு வியந்தார். அப்போது அவருக்கு வயது 64. இதயமும் முன்னரே நலிவுற்றிருந்தது. அவ்விதய நோயாலேயே 1910 ஆகஸ்டு 26 ஆம் நாள், நியூஹாம்ப்ஷயரிலுள்ள சொகோருவா என்னும் ஊரில் தம் இல்லத்தில் உயிர் நீத்தார்.

ஹார்வர்டில் தத்துவம் பயில விரும்பிய கேனன் என்னும் இளைஞரை, அதில் பயனில்லை எனக் கூறி ஜேம்ஸ் ஒருகால் தடுத்ததுண்டு. அவ்விளைஞர் உடலியல் அறிஞரானார். 1927 இல் ஜேம்ஸின் கொள்கையையே மறுத்து எழுதினார். அச்சத்திலும் சினத்திலும் காய்ச்சலிலும் கூட நெஞ்சு ஒன்றுபோல் விரைந்து துடிக்கிறது. அங்ஙனமாயின் ஓருணர்ச்சியை மற்றொன்றினின்று பிரித்தறிவது எவ்வாறு என்று வினவினார். உள்ளுறுப்புக்களுக்குச் செல்லும் நரம்புகள் சிலவற்றை நீக்கிய பின்னும், பூனைகள் நாயைக் கண்டு சீறியதைச் சான்று காட்டினார். அதன் பின்னும் ஜேம்ஸின் கருத்து முற்றும் மறையவில்லை. உணர்ச்சியில் உடலுக்குள்ள பங்கு எத்துணை என்று ஆராய்வோர் இன்றும் 1884 ஆம் ஆண்டுக் கட்டுரையிலிருந்தே தொடங்குகின்றனர்.