துருப்பிடித்த மஸ்டாங் காருக்கு 26 கோடி ரூபாய்! கேட்டும் கிடைக்காத நடிகர்... யார் இந்த ஸ்டீவ் மெக்வீன்?

2020 ஜனவரி 10. அமெரிக்காவின் புளோரிடா மாகாணம், கிஸ்ஸிமி நகரில் ஒரு கார் ஏலம். மேடைக்கு வந்தது பளபளன்னு மெருகேற்றிய வண்டி இல்லை. பெயின்ட் மங்கி, துரு ஏறி, அங்கங்கே நசுங்கிய பச்சை நிற ஃபோர்டு மஸ்டாங். கமிஷனோடு சேர்த்து 37.4 லட்சம் டாலருக்கு விலைபோனது. அன்றைய கணக்கில் நம்ம பணத்துக்குச் சுமார் 26 கோடி ரூபாய். அதுவரை எந்த மஸ்டாங்கும் ஏலத்தில் அந்தத் தொகையைத் தொட்டதில்லை.

அந்தக் காரைத் திரையில் ஓட்டியவர் ஸ்டீவ் மெக்வீன். பின்னாளில் அதையே விலைக்குக் கேட்டு, கிடைக்காமல் போனவரும் அவர்தான்.

சீர்திருத்தப் பள்ளியிலிருந்து சினிமாவுக்கு

இண்டியானா மாகாணத்தில் உள்ள பீச் குரோவில் 1930 மார்ச் 24 அன்று பிறந்தார் மெக்வீன். விமான சாகசம் காட்டி ஊர் ஊராகப் போன அப்பா, மகனை வளர்க்க இருக்கவில்லை. மிசௌரி மாகாணம் ஸ்லேட்டரில், தாத்தா முறையுள்ள கிளாட் என்பவரின் பண்ணையில்தான் பையன் வளர்ந்தான். நான்காவது பிறந்தநாளுக்கு அவர் வாங்கிக் கொடுத்த சிவப்பு மூன்று சக்கர சைக்கிள்தான் தன் ரேஸ் வெறிக்கு ஆரம்பம் என்று மெக்வீன் பிற்காலத்தில் சொல்வதுண்டு.

மற்றபடி சொல்லிக்கொள்ளும்படியான பால்யம் இல்லை. ஒரு காது சரியாகக் கேட்காது. எழுத்துக்கூட்டிப் படிப்பதில் சிக்கல். அம்மாவின் அடுத்த கணவர்களிடம் அடி உதை. கடைசியில் கலிபோர்னியாவின் சீனோவில் உள்ள பாய்ஸ் ரிபப்ளிக் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். பெரிய நடிகரான பிறகும் அந்த இடத்தை அவர் மறக்கல. படத்துக்குக் கையெழுத்துப் போடும்போது கம்பெனிகளிடம் மொத்தமாக ஜீன்ஸும் ஷேவிங் ரேசரும் கேட்டு வாங்கி, அங்கிருந்த பையன்களுக்கு அனுப்புவார்.

1947ல் மரைன் படையில் சேர்ந்தார். லீவை இஷ்டத்துக்கு நீட்டிவிட்டுச் சிறைக்குப் போனதும் அங்கேதான், ஆர்க்டிக் பயிற்சியில் பனி உடைந்து மூழ்கவிருந்த டேங்கில் இருந்து ஐந்து பேரை இழுத்துக் காப்பாற்றியதும் அங்கேதான். கப்பல் குழாய்களில் சுற்றியிருந்த ஆஸ்பெஸ்டாஸை உரித்தெடுக்கும் வேலையும் செய்தார். அதன் விளைவு முப்பது வருஷம் கழித்துத் தெரிந்தது.

படையில் இருந்து வந்ததும், முன்னாள் வீரர்களுக்கான அரசு உதவித்தொகையில் நியூயார்க்கில் நடிப்பு படித்தார். கைச்செலவுக்கு வார இறுதியில் பைக் ரேஸ். 1960ல் 'தி மேக்னிஃபிசன்ட் செவன்', 1963ல் 'தி கிரேட் எஸ்கேப்'. அந்தப் படத்தில் வேலியைத் தாண்டும் பிரபலமான பைக் காட்சியை ஓட்டியது மெக்வீன் இல்லை, அவரது நண்பர் பட் ஈகின்ஸ். இதை ஒத்துக்கொள்ள மெக்வீன் தயங்கியதும் இல்லை.

புல்லிட்: பத்தே முக்கால் நிமிஷம்

1968ல் வந்தது 'புல்லிட்'. சான்பிரான்சிஸ்கோவின் ஏற்ற இறக்கத் தெருக்களில் மெக்வீனின் மஸ்டாங்கும் வில்லன்களின் கறுப்பு டாட்ஜ் சார்ஜரும் துரத்திக்கொள்ளும் காட்சி மட்டும் பத்தே முக்கால் நிமிஷத்துக்கு மேல் ஓடும். வேகம் சில இடங்களில் மணிக்கு 175 கிலோமீட்டர் வரை போனது. ஒரு திருப்பத்தை மெக்வீன் தவறவிட்டு, டயர் புகைய ரிவர்ஸ் எடுப்பார். நிஜமாகவே நடந்த தப்பு அது, வெட்டாமல் வைத்துவிட்டார்கள். ஆபத்தான இடங்களில் ஓட்டியது ஈகின்ஸ். ஒரே பச்சை பீட்டில் கார் வழியில் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டுபிடிப்பது ரசிகர்களுக்கு இன்றும் பொழுதுபோக்கு. ஆனாலும் எடிட்டர் ஃபிராங்க் கெல்லருக்கு ஆஸ்கர் கிடைத்தது.

அந்த மஸ்டாங்கில் என்ன விசேஷம்?

மஸ்டாங்கின் முதல் தலைமுறை 1964 ஏப்ரலில் அறிமுகமாகி 1973 வரை ஓடியது. கறாராகச் சொன்னால் இந்த ரகத்துக்கு 'போனி கார்' என்று பெயர். பெரிய இன்ஜின் வைத்தவை மட்டும் 'மசில் கார்' வரிசையில் சேரும். புல்லிட் கார் அந்த வகை: 1968 ஜிடி, பின்பக்கம் சரிந்து இறங்கும் ஃபாஸ்ட்பேக் கூடு, 390 கன அங்குல வி8 இன்ஜின். நம்ம கணக்கில் 6.4 லிட்டர், 325 குதிரைத்திறன். கியர் நான்கு.

படத்துக்காக மேக்ஸ் பால்சௌஸ்கி என்ற ரேஸ் மெக்கானிக் சஸ்பென்ஷனை வலுப்படுத்தினார். முகப்பில் ஓடும் குதிரைச் சின்னத்தைக் கழற்றிவிட்டார்கள்.

1968ல் மட்டும் ஃபோர்டு விற்ற மஸ்டாங் 3 லட்சத்துக்கும் மேல், அதில் ஃபாஸ்ட்பேக் 42 ஆயிரத்துக்கும் மேல். அதனால் பச்சை பெயின்ட் அடித்து யார் வேண்டுமானாலும் புல்லிட் கார் தயாரித்துவிடலாம். நிறைய பேர் தயாரித்தும் இருக்கிறார்கள். நிஜத்தைக் காட்டிக்கொடுப்பது சேசிஸ் நம்பர்தான். 8ஆர்02எஸ்125559 என்பதில் 8 என்றால் 1968ஆம் வருஷம், ஆர் என்றால் சான் ஹோசே தொழிற்சாலை, 02 ஃபாஸ்ட்பேக், எஸ் என்றால் 390 இன்ஜின். மீதி ஆறு இலக்கம் வரிசை எண். படத்துக்கு வாங்கியது இரண்டே கார்கள்; சாகசத்துக்கு 125558, மெக்வீனின் நெருக்கக் காட்சிகளுக்கு 125559.

பதில் வராத கடிதம்

படம் முடிந்ததும் 559 கைமாறிக் கைமாறி, 1974ல் பத்திரிகை விளம்பரம் பார்த்து வந்த ஒரு நியூஜெர்சிக்காரரிடம் சில ஆயிரம் டாலருக்குப் போனது. அவர் மனைவி டீச்சர். தினமும் பள்ளிக்கூடம் போய்வந்தது இந்தக் காரில்தான்!

மெக்வீனுக்கோ அப்போது இறங்குமுகம். உயிரைக் கொடுத்து எடுத்த ரேஸ் படமான 'லே மான்ஸ்' 1971ல் கைவிட்டிருந்தது, முதல் திருமணமும் முறிந்திருந்தது. 1974ல் 'தி டவரிங் இன்ஃபெர்னோ' பெரும் பணம் கொடுத்தது என்றாலும், அதன்பின் தாடி வளர்த்து சினிமாவை விட்டே ஒதுங்கியிருந்தார். பழைய பைக்குகளைச் சேர்ப்பதில்தான் நேரம் போனது.

1977 டிசம்பரில் அந்தக் குடும்பத்துக்குக் கடிதம் எழுதினார். காரைப் புதுப்பிக்காமல், படத்தில் இருந்த அதே நிலையில் தன்னிடமே வைத்துக்கொள்ள ஆசை என்றார். பதிலுக்கு அதே மாதிரி வேறொரு மஸ்டாங் தேடித் தருவதாகவும், ரொம்பப் பெரிய தொகை என்றால் விட்டுவிடலாம் என்றும் சொல்லியிருந்தார். பதில் வரவே இல்லை.

1979 இறுதியில் மெக்வீனுக்கு மெசோதீலியோமா என்று கண்டுபிடித்தார்கள். ஆஸ்பெஸ்டாஸால் வரும் புற்றுநோய் இது. அமெரிக்க டாக்டர்கள் கைவிரித்ததும், அங்கீகாரமில்லாத மாற்று சிகிச்சைக்காக மெக்சிகோ போனார். 1980 நவம்பர் 7 அன்று, சியுதாத் ஹுவாரஸில் அறுவை சிகிச்சைக்குப் பிறகு இதயம் நின்றது. வயது 50.

அதே 1980ல்தான் அந்த மஸ்டாங்கின் கிளட்ச் போனது. ரிப்பேர் பார்க்காமல் கராஜில் நிறுத்தினார்கள். பழைய கார் சந்தையில் இது அதிர்ஷ்டம். ஒருமுறை பெயின்ட் அடித்துப் புதுப்பித்தால் பழைய தடயம் எல்லாம் போய்விடும். இதில் கேமரா பொருத்துவதற்காக அடியில் வெல்டிங் வைத்த இரும்புகூட அப்படியே இருந்தது. 2018 டெட்ராய்ட் கண்காட்சியில் வாங்கியவரின் மகன் காரை வெளியே கொண்டுவந்தபோது வல்லுநர்கள் பார்த்தது இதைத்தான்.

அதன் ஜோடியான 558? படப்பிடிப்பில் அடிவாங்கி, இல்லாமலே போய்விட்டதாக நினைத்திருந்தார்கள். 2017ல் மெக்சிகோவின் பாஜா கலிபோர்னியாவில் ஒருவர், வேறொரு படத்தில் வந்த மஸ்டாங்கின் நகலாக மாற்றுவதற்காக ஒரு ஓட்டை வண்டியை வாங்கி வைத்திருந்தார். வேலை தொடங்கும் நேரத்தில் யாரோ சேசிஸ் நம்பரைத் துடைத்துப் பார்த்தார்கள்.