ஐடா ஸ்கடர்

ஐடா சோபியா ஸ்கடர் (டிசம்பர் 9, 1870 - மே 24, 1960) தமிழ்நாட்டில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர், கிறித்தவ மறைப்பணியாளர் ஆவார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியையும் மருத்துவமனையையும் நிறுவியவர் இவரே. மருத்துவமனையை நிறுவியவர் என்ற வகையில் இவர் பரவலாக அறியப்பட்டாலும், நோயாளியின் படுக்கையருகே நின்று பணி செய்யக்கூடிய பெண்களைப் பயிற்றுவித்ததும் இவருடைய முதன்மையான பணிகளுள் ஒன்றாகும். உதவியாளர், கம்பவுண்டர், செவிலியர், மருத்துவர் எனக் கீழ்ப்படியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியாக இவர் இப்பயிற்சியை வளர்த்தெடுத்தார்.

பிறப்பும் குடும்பமும்

ஐடா ஸ்கடர் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த இராணிப்பேட்டையில் பிறந்தார். தந்தை இரண்டாம் ஜான் ஸ்கடர், தாய் சோபியா. ஐந்து ஆண்மக்களுக்குப் பின் பிறந்த ஒரே பெண் குழந்தை இவர். இவருடைய பாட்டனார் ஜான் ஸ்கடர், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பிலும், பின்னர் சென்னையிலும் பணியாற்றிய அமெரிக்க மருத்துவ மறைப்பணியாளர். அவருடைய மக்கள் ஆர்க்காட்டுப் பகுதியில் அமெரிக்க ஆர்க்காடு மிஷனைத் தோற்றுவித்தனர்.

1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தை ஐடா சிறுமியாக இருந்தபோது கண்ணாரக் கண்டார். உணவின்றி வாடிய குழந்தைகளுக்கு ரொட்டி வழங்கும் பணியில் அவரும் ஈடுபடுத்தப்பட்டார். பின்னர் குடும்பத்துடன் அமெரிக்கா சென்று, மாசசூசெட்சு மாநிலத்தின் நார்த்ஃபீல்டு பள்ளியில் கல்வி பயின்றார். அக்காலத்தில் இந்தியாவுக்குத் திரும்பி மறைப்பணியில் ஈடுபடும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை.

திண்டிவனத்து இரவு

தாயார் உடல்நலம் குன்றியதால் 1890 இல் ஐடா இந்தியா வந்து, பெற்றோர் வாழ்ந்த திண்டிவனத்தில் தங்கினார். திண்டிவனம் அந்நாளில் கடலூர், விருத்தாசலம், விழுப்புரம் ஆகிய ஊர்களைப் போலத் தென்னார்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தது. இம்மாவட்டத்தின் சிற்றூர்களில் பேறுகாலப் பணி முழுவதும் மருத்துவச்சிகளின் கையிலேயே இருந்தது. தலைமுறை தலைமுறையாகக் கைப்பழக்கத்தால் வந்த திறன் அவர்களிடம் இருந்தது. ஆனால் கிருமித்தொற்று பற்றியோ, சிக்கலான பேறு பற்றியோ முறையான பயிற்சி பெற அவர்களுக்கு வாய்ப்பில்லை.

அங்கு தங்கியிருந்த காலத்தில் ஓர் இரவு ஐடாவின் வாழ்க்கைப் போக்கை மாற்றியது. பேறுகால வேதனையில் துடித்த தம் இளம் மனைவிக்கு உதவி வேண்டி ஒரு பிராமணர் வந்தார். மருத்துவரான தம் தந்தையை அழைத்துச் செல்லுமாறு ஐடா கூறினார். ஆடவர் ஒருவர் தம் மனைவியைத் தொட்டு மருத்துவம் பார்க்க வழக்கம் இடம் தராது என்று கூறி அவர் திரும்பிச் சென்றார். அதே இரவில் ஓர் இசுலாமியரும், உயர்குலத்து இந்து ஒருவரும் அதே வேண்டுகோளுடன் வந்து, அதே காரணத்தால் திரும்பினர். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்ற செய்தி வந்தது. மருத்துவர் அருகிலேயே இருந்தும், தொட்டு உதவக்கூடிய பயிற்சி பெற்ற பெண் ஒருவர் இல்லாமையால் மூன்று உயிர்கள் போயின. மருத்துவம் கற்று மீண்டும் இந்நாட்டுக்கு வருவது என ஐடா முடிவு செய்தார்.

மருத்துவக் கல்வி

1895 இல் ஐடா பிலடெல்பியாவிலுள்ள பென்சில்வேனியா மகளிர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கார்னெல் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியதும் அங்கு மாறி, 1899 இல் பட்டம் பெற்றார். இந்தியாவில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை கட்ட அவர் நிதி திரட்டினார். நியூயார்க்கைச் சேர்ந்த ஷெல் என்னும் வங்கியாளர் மறைந்த தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் வழங்கினார். 1900 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா இந்தியா திரும்பினார்.

வேலூரில் தொடக்கப் பணிகள்

ஐடா வேலூர் வந்த சில மாதங்களில் தந்தை காலமானார். அனுபவம் மிக்க துணையை இழந்த நிலையிலும் அவர் வீட்டிலேயே ஒற்றைப் படுக்கையுடன் மருத்துவப் பணியைத் தொடங்கினார். இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 5,000 நோயாளிகளுக்கு மருத்துவம் பார்த்தார். 1902 இல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது.

மருத்துவமனை அமைந்ததும் ஆள் பற்றாக்குறை பெரிதாக வெளிப்பட்டது. ஒரு மருத்துவர் அறுவை செய்துவிட்டு அடுத்த நோயாளியிடம் சென்ற பின், முதல் நோயாளியின் நாடியைக் கவனிக்கவும், கட்டில் குருதி கசிகிறதா என்று பார்க்கவும் ஒருவர் தேவை. நோயாளியுடன் வந்த உறவினர்கள் அன்புடன் உடனிருந்தனர். எனினும் எது ஆபத்தின் அறிகுறி என்பதை அவர்கள் அறியார். இந்நிலையில் 1903 இல் மருந்து கலந்து கொடுக்கும் கம்பவுண்டர்களுக்கான பயிற்சியை ஐடா தொடங்கினார். வேலூரில் முறையான மருத்துவப் பயிற்சியின் முதற்படி இதுவே ஆகும்.

செவிலியர் பள்ளி

1860 இல் புளோரன்ஸ் நைட்டிங்கேல் இலண்டனில் தொடங்கிய பள்ளி, செவிலியத்தைக் கற்றுத் தேற வேண்டிய தொழிலாக உலகுக்கு அறிமுகப்படுத்தியது. சென்னையிலும் 1870களிலேயே இத்தகைய பயிற்சி தொடங்கியது. ஆயினும் மாவட்டங்களில் அது பரவவில்லை. பிறருடைய குருதியையும் கழிவையும் தொடுவது தீட்டு என்ற எண்ணமும், பெண்கள் இரவில் வீட்டுக்கு வெளியே பணி செய்வது தகாது என்ற எண்ணமும் இத்தொழிலுக்குத் தடையாக நின்றன. தொடக்க காலத்தில் இதற்கு முன்வந்தோர் பெரும்பாலும் கிறித்தவக் குடும்பத்துப் பெண்களே.

1909 இல் வேலூரில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் பயிற்சி பெற்ற செவிலியரான டெலியா ஹோட்டன் இதனை நடத்துவதில் ஐடாவுக்குத் துணை நின்றார்.

அக்காலச் செவிலியப் பயிற்சியின் இயல்பு

நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் 1940களில்தான் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தன. அதற்கு முன்னர் நச்சுக்காய்ச்சல், நுரையீரல் அழற்சி போன்ற நோய்களில் நோயாளி பிழைப்பது பெரும்பாலும் பராமரிப்பைச் சார்ந்தே இருந்தது. எனவே அக்காலச் செவிலியப் பயிற்சியில் பின்வருவன முதன்மை பெற்றன.

தூய்மை: ஒரு நோயாளியைத் தொட்ட பின் அடுத்தவரைத் தொடுமுன் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல், கருவிகளைக் கொதிநீரில் இட்டுத் தூய்மையாக்குதல், புண்ணுக்குக் கட்டுக் கட்டுதல்.

கவனிப்பு: உடல் வெப்பம், நாடித்துடிப்பு, மூச்சு ஆகியவற்றை அளந்து குறித்தல். ஓய்விலிருக்கும் வளர்ந்தவரின் நாடி பொதுவாக நிமிடத்திற்கு 60 முதல் 100 வரை துடிக்கும். மூச்சு 12 முதல் 20 வரை இருக்கும். ஒரு முறை எடுத்த அளவைவிட, மணிக்கு மணி எடுத்த அளவுகள் ஏறுகின்றனவா இறங்குகின்றனவா என்பதே மருத்துவருக்குப் பெரிதும் பயன்படும்.

உடற்பராமரிப்பு: எழ இயலாத நோயாளியைப் படுக்கையிலேயே துடைத்துக் குளிப்பாட்டுதல், அவரை அசைத்துத் துன்புறுத்தாமல் விரிப்பை மாற்றுதல், உணவூட்டுதல், கழிகலம் வைத்தல். ஒரே பக்கமாகக் கிடப்பவருக்கு இடுப்பு, குதிகால் போன்ற எலும்பு முனைகளில் குருதியோட்டம் தடைப்பட்டுப் படுக்கைப்புண் உண்டாகும். இதனைத் தவிர்க்க அவரைக் குறித்த நேரத்தில் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும்.

பேறுகாலப் பணி: தாயின் குருதிப்போக்கைக் கவனித்தல், தொப்புள்கொடியைத் தூய கருவியால் வெட்டுதல். தூய்மையற்ற கத்தியால் வெட்டப்பட்ட தொப்புள்கொடி வழியே இசிவு நோய் பற்றிப் பச்சிளங் குழந்தைகள் இறப்பது அக்காலத்தில் பரவலாக இருந்தது.

இத்திறன்களுள் பல, இன்று செவிலிய உதவியாளர் பயிற்சியின் அடிப்படைப் பாடங்களாக உள்ளன. உதவியாளர் தாமாக மருந்து கொடுப்பதில்லை. செவிலியரின் மேற்பார்வையில் பணி செய்து, தாம் கண்ட மாற்றத்தை உடனே தெரிவிக்கிறார். பயிற்சி பெற்றவருக்கும் பெறாதவருக்கும் உள்ள வேறுபாடு இந்தக் கவனிப்பிலேயே தொடங்குகிறது.

சாலையோர மருத்துவப் பணி

நகருக்கு வர இயலாத சிற்றூர் மக்களுக்காக 1906 முதல் ஐடா வேலூரிலிருந்து குடியாத்தம் செல்லும் சாலையில் மருத்துவப் பணி செய்தார். முதலில் மாட்டு வண்டியிலும், 1909 முதல் பியூஜோ மகிழுந்திலும் பயணம் செய்தார். குறித்த நாளில் குறித்த மரத்தடியில் மக்கள் கூடுவர். புண்களைக் கழுவிக் கட்டுதல், கண்நோய்க்கு மருந்திடுதல், பல் பிடுங்குதல் ஆகியவை அங்கேயே நடைபெற்றன. உடன் சென்ற உதவியாளர்களுக்கும் மாணவியருக்கும் இப்பயணங்கள் ஒரு வகுப்பறையாக அமைந்தன.

மகளிர் மருத்துவப் பள்ளி

1918 ஆகஸ்டு 12 அன்று மகளிருக்கான மிஷனரி மருத்துவப் பள்ளியைச் சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்டு பிரபு தொடங்கிவைத்தார். விண்ணப்பிக்கும் பெண்கள் மிகச் சிலரே இருப்பர் என்று அரசு அதிகாரிகள் கருதியிருந்தனர். ஆனால் 151 விண்ணப்பங்கள் வந்தன. போதிய இடமும் ஆசிரியரும் இன்மையால் சிலரை மட்டுமே சேர்க்க முடிந்தது. முதல் அணியைச் சேர்ந்த 14 பெண்கள் 1922 இல் மருத்துவப் பட்டயம் பெற்றனர்.

மாணவியர் தொகை பெருகியதால், 1928 இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் 200 ஏக்கர் நிலத்தில் புதிய வளாகத்துக்கான பணிகள் தொடங்கின.

நெருக்கடியும் மாற்றமும்

1930களின் இறுதியில் சென்னை மாகாண அரசு பட்டயப் படிப்பை நிறுத்தி, மருத்துவர்கள் அனைவரும் பல்கலைக்கழகப் பட்டம் பெற வேண்டும் என விதித்தது. இதனால் வேலூர்ப் பள்ளி மூடப்படும் நிலை உண்டானது. பட்டப்படிப்புக்குத் தேவையான படுக்கைகள், ஆய்வகங்கள், பேராசிரியர்கள் ஆகியவற்றுக்காக, எழுபது வயதை எட்டிய நிலையில் ஐடா அமெரிக்கா சென்று பல நகரங்களில் நிதி திரட்டினார்.

ஆண்களையும் சேர்த்தால் கூடுதல் உதவி கிடைக்கும் என்ற கருத்து எழுந்தபோது, பெண்களுக்கெனக் கொடுத்தவர்கள் சிலர் அதனை எதிர்த்தனர். நீண்டகாலத் தோழியர் சிலருடன் இதனால் ஐடாவுக்குக் கருத்து வேறுபாடு ஏற்பட்டது. இறுதியில் நிறுவனம் நிலைக்க வேண்டும் என்பதை முன்னிட்டு அவர் இணக்கம் தெரிவித்தார். 1942 இல் எம்.பி.பி.எஸ். படிப்பு தொடங்கியது. 1947 இல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர்.

இதற்கிடையே 1946 இல் செவிலியர் பள்ளி கல்லூரியாக உயர்த்தப்பட்டுச் செவிலியத்தில் பட்டப்படிப்பு தொடங்கியது. அதே ஆண்டில் தில்லியில் தொடங்கிய படிப்புடன் சேர்த்து, இந்தியாவின் முதல் செவிலியப் பட்டப்படிப்புகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது. தீட்டு எனத் தயங்கப்பட்ட தொழில் நான்கு பத்தாண்டுகளுக்குள் பல்கலைக்கழகப் படிப்பாக மாறியது. செவிலியத்துக்கு நாடு முழுவதும் ஒரே தரத்தை வகுக்க வழிசெய்த இந்திய செவிலியர் மன்றச் சட்டம் 1947 இல் இயற்றப்பட்டது.

இறுதிக் காலமும் நினைவும்

1946 இல் ஐடா பொறுப்புகளிலிருந்து ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் நிறுவனத்தை வழிநடத்தியவர்களுள் இந்தியப் பெண் மருத்துவரான ஹில்டா லாசரஸ் குறிப்பிடத்தக்கவர். ஐடா திருமணம் செய்துகொள்ளவில்லை. இறுதிக் காலத்தில் கொடைக்கானலில் வாழ்ந்து, 1960 மே 24 அன்று தமது 89ஆம் வயதில் அங்கேயே காலமானார்.

வேலூர் நிறுவனத்தின் நூற்றாண்டையொட்டி 2000 ஆகஸ்டு 12 அன்று இந்திய அஞ்சல் துறை சிறப்பு அஞ்சல்தலை வெளியிட்டது. ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய நிறுவனம் இன்று நாட்டின் பெரிய மருத்துவமனைகளுள் ஒன்றாக விளங்குகிறது. அங்கு பயின்ற செவிலியர் இந்தியாவிலும் பிற நாடுகளிலும் பணியாற்றி வருகின்றனர்.