தன் உடலிலேயே தடுப்பூசியைச் சோதித்த ஹாவ்கின் (1860 – 1930)

பிறபொருளெதிரியாக்கி, பிறபொருளெதிரி ஆகிய இரு சொற்களையும் பரீட்சையில் பலர் மாறி எழுதிவிடுகின்றனர். வல்டிமர் ஹாவ்கினின் வாழ்க்கையை ஒருமுறை வாசித்தால் அத்தவறு உங்களுக்கு நேராது.

ஹாவ்கின் 1860ஆம் ஆண்டு ஒடெசா நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். வெண்குழியங்கள் கிருமிகளை விழுங்குவதைக் கண்டறிந்த மெச்னிகோவ் இவரது ஆசிரியர். 1889இல் பரிஸ் பாஸ்ரர் நிறுவனத்தில் நூலக உதவியாளராகச் சேர்ந்த இவர், அங்கேயே ஆய்விலும் ஈடுபட்டார். 1892 யூலை 18ஆம் திகதி, தாம் தயாரித்த கொலராத் தடுப்பூசியை முதலில் தமக்கே ஏற்றிக்கொண்டார். 1893இல் இந்தியாவுக்கு வந்து பல்லாயிரம் பேருக்கு அதை ஏற்றினார்.

1896இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. எலித்தெள்ளு மூலம் பரவும் இந்நோய் கப்பல்களோடு துறைமுகம் துறைமுகமாகச் செல்வது. 1914இல் கொழும்பையும் அது எட்டியது. காங்கேசன்துறையில் வாழும் உங்களுக்குத் துறைமுகத்தின் இந்த ஆபத்து எளிதில் விளங்கும். ஹாவ்கின் பிளேக் பற்றீரியாக்களை வளர்த்து, வெப்பத்தால் கொன்று தடுப்பூசி தயாரித்தார். 1897 சனவரி 10ஆம் திகதி அதையும் தமக்கே முதலில் ஏற்றினார்.

இறந்த கிருமி எப்படிக் காக்கும் என்று நீங்கள் கேட்கலாம். கிருமி இறந்தாலும் அதன் மேற்பரப்பிலுள்ள பதார்த்தங்கள் எஞ்சியிருக்கும். அவையே பிறபொருளெதிரியாக்கிகள். பூட்டுக்குச் சாவி பொருந்துவதுபோல் அவற்றுக்குப் பொருந்தும் வாங்கியைக் கொண்ட நிணநீர்க்குழியங்கள் மட்டும் தூண்டப்பட்டுப் பெருகுகின்றன. அவை சுரக்கும் புரதமே பிறபொருளெதிரி. சில குழியங்கள் நினைவுக் கலங்களாக எஞ்சி, உயிருள்ள கிருமி வரும்போது விரைந்து செயற்படுகின்றன. இவ்விளக்கம் ஹாவ்கினின் காலத்துக்குப் பின்னரே முழுமை பெற்றது.

1902 ஒக்டோபரில் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் 107 பேருக்குத் தடுப்பூசி ஏற்றப்பட்டது. ஒரே போத்தலிலிருந்து ஏற்றப்பட்ட 19 பேர் ஏற்புவலியால் இறந்தனர். பழி ஹாவ்கினின் ஆய்வுகூடத்தின்மீது விழுந்தது, அவர் பதவியிழந்தார். ஆனால் ஏனைய போத்தல்களிலிருந்து பெற்றவர்களுக்கு ஏற்புவலி வரவில்லை. அந்தப் போத்தலைத் திறக்கும்போது உதவியாளரின் இடுக்கி நிலத்தில் விழுந்ததும், அது சரிவரக் கிருமி நீக்கப்படாததும் பின்னர் வெளிவந்தன. ரொனால்ட் ரொஸ் முதலான விஞ்ஞானிகள் அவருக்காக வாதாடினர். 1907இல் அவர் குற்றமற்றவர் என ஏற்கப்பட்டது. எனினும் பம்பாயில் வகித்த பதவி மீண்டும் கிடைக்கவில்லை. கல்கத்தாவில் பணியாற்றி 1914இல் ஓய்வுபெற்றார். அவர் நிறுவிய பம்பாய் ஆய்வுகூடத்துக்கு 1925இல் அவரது பெயர் சூட்டப்பட்டது. 1930இல் சுவிற்சர்லாந்தில் காலமானார்.

அந்தப் 19 பேரையும் கொன்ற ஏற்புவலிக்கு இன்று தடுப்பூசி உண்டு. உங்கள் உடலிலும் அது ஏற்றப்பட்டிருக்கும்.

நினைவிற் கொள்க: வெளியிலிருந்து வந்து தூண்டுவது பிறபொருளெதிரியாக்கி. உடல் ஆக்குவது பிறபொருளெதிரி.

பயிற்சி: பிளேக் தடுப்பூசி கொலராவைத் தடுக்காதது ஏன்? இரு வாக்கியங்களில் விளக்குக.