ஜான் கோல்ட்ரேன்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ஹாம்லெட் என்னும் சிற்றூரில், 1926ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் ஜான் கோல்ட்ரேன் பிறந்தார். தந்தையார் தையற்கலைஞர், ஓய்வு வேளையில் இசைக்கருவி மீட்டுபவர். கறுப்பின மக்களுக்குத் தனிப்பள்ளி, தனி இருக்கை எனப் பிரித்து வைத்திருந்த காலம் அது. ஜானின் பன்னிரண்டாம் வயதில், சில மாத இடைவெளிக்குள் தந்தை, பாட்டனார், பாட்டி ஆகியோர் அடுத்தடுத்து மறைந்தனர். தாயார் பிழைப்புத் தேடி வடமாநிலத்திற்குச் சென்றார். தனித்துவிடப்பட்ட சிறுவனுக்கு இசையே துணையாயிற்று. முதலில் கிளாரினெட் பயின்றார்; பின்னர் சாக்ஸபோனைக் கையில் எடுத்தார். நம் நாட்டில் கத்ரி கோபால்நாத் கருநாடக இசைக்கு உரியதாக்கிய அதே கருவிதான்.

பிலடெல்பியாவில் குடியேறிய கோல்ட்ரேன், கடற்படையில் சிறிது காலம் பணியாற்றியபின் பல குழுக்களில் வாசித்தார். 1955இல் புகழ்பெற்ற மைல்ஸ் டேவிஸின் குழுவில் இடம் கிடைத்தது. ஆனால், போதைப்பழக்கம் அவரைப் பற்றியிருந்தது. 1957இல் டேவிஸ் அவரைக் குழுவிலிருந்து நீக்கினார். அந்த அவமானம் அவரை விழிக்கச் செய்தது. அவ்வாண்டே அப்பழக்கத்தை அடியோடு விட்டொழித்தார். அதன்பின் அவர் செய்த பயிற்சிக்கு அளவே இல்லை. கருவியைப் பிடித்தவாறே உறங்கிவிடுவார் என்று உடனிருந்தோர் கூறுவர்.

1963 செப்டம்பரில் அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரில், கறுப்பின மக்களின் தேவாலயத்தில் நிறவெறியர் குண்டு வைத்தனர். நான்கு சிறுமியர் உயிரிழந்தனர். கோல்ட்ரேன் மேடையேறி முழங்கவில்லை. 'அலபாமா' என்னும் இசைப்படைப்பை அளித்தார். அதில் பாடல் வரி ஒன்றுகூட இல்லை. சாக்ஸபோன் மட்டும் மெல்ல அழுகிறது.

ஜாஸ் இசையில் கலைஞர் தம் கற்பனைக்கேற்ப வாசிக்கலாம். எனினும் மெட்டும் தாளமும் ஒரு வரம்பாக நிற்கும். அவ்வரம்பையும் தளர்த்தியது 'ஃப்ரீ ஜாஸ்'. 1965இல் பதினொரு கலைஞர்கள் கூடி ஏறத்தாழ நாற்பது நிமிடம் வாசித்த 'அசென்ஷன்' இவ்வழியில் அவர் வைத்த பெரிய அடி. முந்தைய ஆண்டு பதிவான 'எ லவ் சுப்ரீம்' அவரைப் புகழின் உச்சியில் நிறுத்தியிருந்தது. அதே நடையில் தொடர்ந்திருந்தால் யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். புதிய இசை வெறும் இரைச்சல் எனச் சிலர் வெறுத்தனர். நெடுநாள் உடன் வாசித்த மெக்காய் டைனரும் எல்வின் ஜோன்ஸும் விலகினர். அவர் பின்வாங்கவில்லை. துணைவியார் ஆலிஸ் பியானோ வாசிக்க, புதிய குழுவுடன் தொடர்ந்தார்.

இந்திய இசையிலும் அவருக்கு ஆழ்ந்த ஈடுபாடு இருந்தது. சித்தார் மேதை ரவிசங்கரைச் சந்தித்து உரையாடினார். 1965இல் பிறந்த தம் மகனுக்கு ரவி என்றே பெயரிட்டார்.

1967ஆம் ஆண்டு சூலை 17ஆம் நாள், கல்லீரல் புற்றுநோயால் கோல்ட்ரேன் மறைந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பது. ரவிக்கோ இரண்டு வயதுகூட நிறையவில்லை. தந்தையின் முகம் நினைவில் பதியாத அக்குழந்தை, வளர்ந்தபின் தானும் சாக்ஸபோன் கலைஞரானது.