தூத்துக்குடி கடலோர ஊரில் பிறந்த 'யோடலிங்' குரல்: ஜே.பி. சந்திரபாபு தமிழ்ப் பாட்டுக்குள் கொண்டுவந்தது என்ன?

தூத்துக்குடி திரேஸ்புரம் கடற்கரை. ஒரு பக்கம் நாட்டுப்படகுகள் வரிசை கட்டி நிற்கும். இன்னொரு பக்கம் வலை பின்னுகிறவர்கள், மீன் ஏலம், சங்கு குளிக்கப் போகிறவர்கள். ஒரு காலத்தில் இந்தக் கடலில் முத்துக்குளித்தல்தான் பெரிய தொழில். இப்போது முத்து இல்லை, ஊருக்கு 'முத்து நகர்' என்ற பேர் மட்டும் மிச்சம்.

இந்தக் கடலோர ஊரில் 1927 ஆகஸ்ட் மாதம், பனிமய மாதா கோயில் திருவிழா நடக்கும் நாட்களில் ஒரு ஆண் குழந்தை பிறந்தது. பின்னாளில் அந்தக் குழந்தையைத் தமிழ்நாடே ஜே.பி. சந்திரபாபு என்று கூப்பிட்டது.

சந்திரபாபு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கோட்டு, உடம்பை வளைத்து ஆடும் ஆட்டம், கடைசிக் காலத்துச் சோகம். யூடியூபில் தேடினாலும் பாதிக்கு மேல் அவருடைய காதல், கடன், குடி பற்றிய கதைகள்தான். ஆனால் அவர் தமிழ் சினிமாவுக்குக் கொடுத்துவிட்டுப் போன பெரிய விஷயம் வேறு. அது அவருடைய தொண்டை! ஜாஸ், ஸ்விங், லத்தீன் தாளம் என்று மேற்கத்திய பேண்டு வாத்தியக்காரர்கள் வாசிக்கும் இசைக்கு எப்படித் தமிழில் பாடுவது என்று காட்டியவர்களில் முக்கியமானவர் அவர்.

'ரொட்ரீகஸ்' எப்படி சந்திரபாபு ஆனார்?

அவருடைய முழுப்பெயர் ஜோசப் பனிமயதாசன் ரொட்ரீகஸ். சின்ன வயதில் கடும் காய்ச்சலில் விழுந்து பிழைத்ததால், மாதா கொடுத்த பிள்ளை என்ற நம்பிக்கையில் பனிமயதாசன் என்ற பெயர் வந்ததாகச் சொல்வார்கள். வீட்டில் கூப்பிட்டது பாபு. 'சந்திர' என்ற முன்னொட்டு, தங்களைச் சந்திர குலம் என்று சொல்லிக்கொள்ளும் பரதவர் மரபிலிருந்து எடுத்துக்கொண்டது.

ரொட்ரீகஸ் எங்கிருந்து வந்தது? 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் போர்ச்சுக்கீசியர் மூலம் கத்தோலிக்க மதத்தைத் தழுவினார்கள். அதோடு பெர்னாண்டோ, மச்சாடோ, கொரைரா, ரொட்ரீகஸ் போன்ற பெயர்களும் இந்தக் கரையில் ஒட்டிக்கொண்டன. பெயரோடு இசையும் வந்தது. கோயிலில் பாடல்குழு, திருவிழாவில் பேண்டு வாத்தியம், கல்யாணத்துக்கும் அதுதான், துக்கத்துக்கும் அதுதான். ட்ரம்பெட் சத்தம் தூத்துக்குடிக்காரர்களுக்கு அந்நியமான சத்தம் கிடையாது.

அப்பா ஜே.பி. ரொட்ரீகஸ் சுதந்திரப் போராட்டக்காரர். 'சுதந்திர வீரன்' என்ற பத்திரிகையை நடத்தியவர். சத்தியாகிரகத்தில் இறங்கியதால் வெள்ளைக்கார அரசு சொத்தைப் பறித்தது. குடும்பம் கடல் தாண்டிக் கொழும்புக்குப் போனது. தூத்துக்குடிக்காரர்களுக்குக் கொழும்பு அன்றைக்கு அடுத்த ஊர் மாதிரிதான். தோணியும் கப்பலும் போய் வந்துகொண்டே இருந்தன.

பாபு பள்ளிக்கூடம் படித்தது அங்கேதான். கொழும்பு துறைமுக நகரம். இங்கிலீஷ் படம், கிராமபோன் தட்டு, போர்ச்சுக்கீசியர் விட்டுப்போன 'பைலா' ஆட்டப்பாட்டு எல்லாம் புழங்கிய ஊர். மேற்கத்திய இசைமீது அவருக்குக் கடைசிவரை தீராத மோகம் இருந்தது. அது தொடங்கிய இடத்தைத் தேடினால் தூத்துக்குடி, கொழும்பு என்ற இந்த இரண்டு துறைமுகங்களுக்குத்தான் போக வேண்டும்.

சென்னையில் பட்ட பாடு

1943-இல் குடும்பம் சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணியில் குடியேறியது. அப்பாவுக்குத் 'தினமணி' நாளிதழில் வேலை. மகனுக்கோ சினிமா வெறி. 1947-இல் 'தன அமராவதி' படத்தில் ஒரு சின்ன வேடம் கிடைத்தது. அதற்குப் பிறகு வாய்ப்பு நின்றுபோனது.

ஸ்டுடியோ ஸ்டுடியோவாக ஏறி இறங்கினார். ஜெமினி ஸ்டுடியோ அதிபர் எஸ்.எஸ். வாசனைப் பார்க்கவே முடியவில்லை. அந்த விரக்தியில் ஸ்டுடியோ வளாகத்திலேயே உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். நல்லவேளை, காப்பாற்றப்பட்டார். அன்றைய சட்டப்படி அது குற்றம் என்பதால் கோர்ட்டுக்கும் போக வேண்டியிருந்தது. நீதிபதி முன்னால் ஒரு தீக்குச்சியைக் கொளுத்தித் தன் கையைச் சுட்டுக்கொண்டார், சுடுவது மட்டும்தான் மற்றவர்களுக்குத் தெரியும், வலி தெரியாது என்று சொன்னார் என்பது இன்றும் சினிமாக்காரர்கள் சொல்லும் கதை. பிறகு அதே ஜெமினி தயாரித்த 'மூன்று பிள்ளைகள்' (1952) படத்தில் வாய்ப்பு வந்தது.

சரி, யோடலிங்னா என்ன?

சந்திரபாபு பாட்டில் திடீரென்று குரல் கீழேயிருந்து மேலே தாவும், உடனே கீழே விழும், மறுபடி தாவும். வார்த்தையே இருக்காது, வெறும் ஓசைதான். அதுதான் யோடலிங். நெஞ்சுக்குரலிலிருந்து கள்ளக்குரலுக்கு ஒரு நொடியில் மாறுவது. சாதாரணமாக ஒரு பாடகர் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் உடைப்பை மறைக்கத்தான் பயிற்சி எடுப்பார். யோடலிங்கில் அந்த உடைப்புதான் அழகு.

ஆல்ப்ஸ் மலை மேய்ப்பர்கள் ஒருவரையொருவர் கூப்பிடப் பயன்படுத்திய முறை இது. அமெரிக்காவில் இதை வெகுஜனப் பாட்டாக்கியவர் ஜிம்மி ரோட்ஜர்ஸ். அவருடைய முதல் 'புளூ யோடல்' பதிவானது 1927-இல், அதாவது தூத்துக்குடியில் பாபு பிறந்த அதே வருஷம். அங்கே ரோட்ஜர்ஸ், இங்கே ரொட்ரீகஸ்! 1930-இல் ரோட்ஜர்ஸ் பாடிய ஒரு யோடல் பாட்டுக்கு ட்ரம்பெட் வாசித்தவர் ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங். யோடலிங்கும் ஜாஸும் அப்போதே கைகோத்துவிட்டன.

இந்தியில் கிஷோர் குமார் இதைச் செய்தார். தமிழில் இதைக் கொண்டுவந்தவர் சந்திரபாபு. எம்.கே. தியாகராஜ பாகவதர் பாட்டு இன்னும் காதில் ஒலித்துக்கொண்டிருந்த காலம் அது. ராகம், பிருகா, உச்சஸ்தாயி என்றுதான் சினிமாப் பாட்டை எடை போட்டார்கள். அந்த இடத்தில் ஒருவர் வந்து, பேசுகிற மாதிரி பாடி, நடுவில் குரலைக் குட்டிக்கரணம் போட வைத்தால் எப்படி இருந்திருக்கும்?

எல்லாமே 'லைவ்' தான்!

இன்றைக்கு ஒரு பாட்டு எப்படி உருவாகிறது? டிரம்ஸ் ஒரு நாள், கிதார் ஒரு நாள், பாடகர் துபாயில் இருந்தபடி ஒரு வரி. 1950-களில் அந்தக் கதையே இல்லை. பாடகரும் மொத்த வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் நின்று, ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஒரே மூச்சில் பதிவு. வயலின்காரர் ஒருவர் ஒரு சுரம் தவறினால், மொத்தப் பேரும் முதலிலிருந்து. 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் கொள்ளும் என்பதால் நீட்டி முழக்கவும் முடியாது.

ஒரு ஒப்பீடு பாருங்க. அமெரிக்காவில் டியூக் எலிங்டனின் ஜாஸ் பேண்டு, 1956 ஜூலை 7 அன்று நியூபோர்ட் விழாவில் ஒரு கச்சேரி செய்தது. பால் கொன்சால்வஸ் என்ற சாக்ஸபோன்காரர் ஒரே பாட்டில் 27 சுற்று தனியாக வாசித்துத் தள்ள, கூட்டம் எழுந்து ஆடியது. அந்த 'லைவ்' ஆல்பம் எலிங்டன் வாழ்க்கையிலேயே அதிகம் விற்றது. ஆனால் அதில் கணிசமான பகுதி ஸ்டுடியோவில் மறுபடி வாசித்து, கைதட்டலை மேலே ஒட்டியது என்பது பிறகு வெளியே வந்தது. உண்மையான கச்சேரிப் பதிவு முழுசாக வெளியானது 1999-இல்தான். (இதே எலிங்டன் பேண்டு 1963-இல் இந்தியாவுக்கும் கொழும்புக்கும் வந்து வாசித்தது. கொன்சால்வஸின் குடும்பமும் போர்ச்சுக்கீசியர் ஆண்ட கேப் வெர்டே தீவுகளிலிருந்து போனதுதான்!)

கச்சேரி ஆல்பத்தையே அங்கே ஸ்டுடியோவில் தயாரித்தார்கள். இங்கே ஸ்டுடியோ பாட்டே கச்சேரி மாதிரி பதிவானது. அதனால்தான் சந்திரபாபு பாட்டில் சாக்ஸபோனும் அவரும் பேசிக்கொள்வது போலத் தோன்றும். வாசித்தவர்கள் அவருடன் அதே அறையில் இருந்தார்கள். சென்னை ஸ்டுடியோக்களில் ட்ரம்பெட், சாக்ஸ், டிரம்ஸ் வாசித்தவர்களில் ஆங்கிலோ-இந்தியர்களும் கோவாக்காரர்களும் நிறைய. அவர்கள் வாசிக்கும் ஸ்விங்குக்குள் அவர் பாடத் தெரிந்தவர்.

எந்தப் பாட்டைக் கேட்கலாம்?

1957-இல் மட்டும் இரண்டு. 'மணமகன் தேவை' படத்தில் ஜி. ராமநாதன் இசையில் 'பம்பரக் கண்ணாலே'. கர்நாடக இசையில் ஊறிய ராமநாதனே லத்தீன் தாளத்தைக் கையில் எடுத்த பாட்டு. இன்னொன்று 'புதையல்' படத்தின் 'உனக்காக எல்லாம் உனக்காக'. எழுதியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், இசை விஸ்வநாதன் - ராமமூர்த்தி.

1959-இல் 'மரகதம்' படத்தில் 'குங்குமப்பூவே'. எஸ்.எம். சுப்பையா நாயுடு இசை, கூடப் பாடியவர் கே. ஜமுனாராணி. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பிறந்தது தூத்துக்குடி, படித்தது கொழும்பு, மோகம் இங்கிலீஷ் பாட்டு. ஆனால் பாட்டில் அவர் பேசுவது அசல் மெட்ராஸ் பாஷை! 'சபாஷ் மீனா' (1958) படத்தில் இரட்டை வேடம் போட்டபோதும் ரிக்‌ஷாக்காரர் பேச்சில் பின்னியெடுத்தார். காது அவ்வளவு கூர்மை. எந்த ஊர்ப் பேச்சையும் ஒரு ராகம் மாதிரி பிடித்துக்கொள்வார்.

இன்னொரு வியப்பு: அவர் மற்றவர்களுக்குப் பின்னணி பாடியது மிகக் குறைவு. 'பெண்' படத்தில் வீணை எஸ். பாலசந்தருக்கும், 'கல்யாணம் பண்ணியும் பிரம்மச்சாரி' படத்தில் சிவாஜிக்கும் பாடினார். இரண்டுமே 1954. அதற்குப் பிறகு அந்தக் குரல் பெரும்பாலும் அவருடைய சொந்த உடம்போடுதான் வந்தது. அது சரியும்கூட. அந்தக் குரலுக்கு வேறு யார் வாயசைத்தாலும் ஒட்டாது.

'சகோதரி' (1959) கதை சினிமா வட்டாரத்தில் பிரபலம். படம் முடிந்த பிறகு திருப்தி இல்லாததால், சந்திரபாபுவைப் பால்காரராக வைத்துத் தனிக் காட்சிகள் எடுத்து நடுவில் சேர்த்தார்கள். படம் ஓடியது. ஒரு லட்சம் ரூபாய் கேட்டு வாங்கிய காமெடியன் என்ற பேச்சும் அப்போது வந்ததுதான்.

குடியரசுத் தலைவர் மடியில் உட்கார்ந்தாரா?

மேடையில் அவர் எப்படி இருந்தார் என்பதற்கு ஒரு சம்பவத்தைத் தவறாமல் சொல்வார்கள். டாக்டர் ராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவராக இருந்த காலம். ராணுவ வீரர்களுக்காகக் கலை நிகழ்ச்சி நடத்திவிட்டுத் தமிழ்த் திரைக் கலைஞர்கள் டெல்லி ராஷ்டிரபதி பவனுக்குப் போனார்கள். அங்கே சந்திரபாபு 'பிறக்கும் போதும் அழுகின்றாய்' பாட்டைப் பாடினார். 'கவலை இல்லாத மனிதன்' (1960) படத்துக்காகக் கண்ணதாசன் எழுதியது. ராதாகிருஷ்ணன் மனம்விட்டுப் பாராட்ட, உற்சாகத்தில் சந்திரபாபு ஓடிப்போய் அவர் மடியிலேயே உட்கார்ந்துவிட்டாராம். கூட இருந்தவர்களுக்கு வியர்த்துவிட்டது. ராதாகிருஷ்ணன் சிரித்தார்.

அந்தப் பாட்டில் குரல் தாவாது, ஆட்டம் கிடையாது. நிதானமாக, நெருக்கமாக, மைக்குக்குப் பக்கத்தில் வந்து பாடியது போல இருக்கும். யோடலிங் தெரிந்தவர் என்பதைவிட, எங்கே அதைச் செய்யக்கூடாது என்று தெரிந்தவர் என்பதுதான் பெரிசு.

எங்கே சறுக்கினார்?

'கவலை இல்லாத மனிதன்' படத்தில் அவர்தான் கதாநாயகன். தயாரித்த கண்ணதாசனுக்கு அது நஷ்டத்தைத்தான் கொடுத்தது. பிறகு சந்திரபாபுவே படம் எடுக்க இறங்கினார். எம்.ஜி.ஆரை வைத்துத் தொடங்கிய 'மாடி வீட்டு ஏழை' பாதியில் நின்றது. போட்ட பணம் போனது. கார் மாடி வரை ஏறிப் போகிற மாதிரி ஆசை ஆசையாகக் கட்டிய வீடும் கையைவிட்டுப் போனது. திருமணம் ஏற்கெனவே முறிந்திருந்தது. குடி அதிகமானது.

1966-இல் 'தட்டுங்கள் திறக்கப்படும்' படத்தை அவரே எழுதி, இயக்கி, நடித்தார். பெரிதாக ஓடவில்லை. அவர் வீழ்ச்சிக்கு எம்.ஜி.ஆர்தான் காரணம் என்று ஒரு தரப்பு இன்றும் சொல்லும். அதே எம்.ஜி.ஆரின் 'பறக்கும் பாவை' (1966), 'கண்ணன் என் காதலன்' (1968), 'அடிமைப் பெண்' (1969) படங்களில் சந்திரபாபு நடித்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வாயைக் கட்டத் தெரியாத மனிதர் அவர். எந்த உச்ச நட்சத்திரத்தைப் பற்றியும் மனதில் பட்டதை வெளிப்படையாகப் பேசினார். அதற்கான விலையையும் கொடுத்தார்.

அந்த வருஷங்களில் தமிழ் சினிமாப் பாட்டே மாறியிருந்தது. 'காதலிக்க நேரமில்லை' (1964) போன்ற படங்களில் ட்விஸ்டும் கிதாரும் பேண்டு சத்தமும் சகஜமாகிவிட்டன. எல்.ஆர். ஈஸ்வரியின் குரல் கிளப் பாட்டுகளில் கொடி கட்டிப் பறந்தது. பத்து வருஷம் முன்னால் சந்திரபாபு தனியாகச் செய்து காட்டியது இப்போது ஊர் முழுக்க ஒலித்தது. அவரைப் பாட அழைத்தவர்கள்தான் குறைந்துபோனார்கள்.

கடைசிவரை விலகாத நண்பர்களில் ஒருவர் எம்.எஸ். விஸ்வநாதன். 1974 மார்ச் 8 அன்று சந்திரபாபு இறந்தார். வயது 46. சென்னை சாந்தோம் பக்கம், பட்டினப்பாக்கத்தை ஒட்டிய குயிபிள் தீவுக் கல்லறையில் அவரை அடக்கம் செய்தார்கள். அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் கடற்கரை.