வழியில் நின்ற வணிகர்



புனித ஞானப்பிரகாசியாரை நாம் நன்கு அறிவோம். கொள்ளைநோயால் வாடியவர்களுக்குப் பணிபுரிந்து, 1591ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள், தமது 23ஆம் வயதில் உரோமையில் உயிர்நீத்தவர் அவர். அவர் பிறந்த ஊர் வட இத்தாலியில் உள்ள காஸ்திலியோனே. செஞ்சிலுவைச் சங்கத்தின் விதை விழுந்ததும் அதே ஊரில்தான் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அந்த விதையை ஏற்ற உள்ளம் ஹென்றி டுனாண்ட் என்பவருடையது. 1828ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் ஜெனீவாவில் பிறந்த இவர், சீர்திருத்த சபையைச் சேர்ந்த ஒரு வணிகர். அல்ஜீரியாவில் தமது தொழிலுக்கு உதவி கேட்க, போர்க்களத்தில் இருந்த பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனைத் தேடி 1859இல் இத்தாலிக்கு வந்தார். ஞானப்பிரகாசியாரின் திருநாள் முடிந்த மூன்றாம் நாள், ஜூன் 24 அன்று, அருகிலுள்ள சோல்ஃபெரினோவில் பெரும் போர் மூண்டது. இறந்தவரும் காயமுற்றவருமாகச் சுமார் 40,000 பேர். காயமுற்ற ஆயிரக்கணக்கானோர் காஸ்திலியோனேக்குக் கொண்டு வரப்பட்டனர். கோவில்களின் தரையெங்கும் வைக்கோல் பரப்பி அவர்களைக் கிடத்தினார்கள்.

டுனாண்ட் தாம் வந்த காரியத்தை ஒதுக்கி வைத்தார். ஊர்ப் பெண்களோடு சேர்ந்து காயங்களைக் கழுவினார்; தண்ணீர் கொடுத்தார்; இறப்போரின் கடைசிச் செய்தியைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிரெஞ்சுக்காரர், ஆஸ்திரியர் என்ற வேறுபாட்டை அங்கு யாரும் பார்க்கவில்லை.

அந்த அனுபவத்தை 1862இல் நூலாக வெளியிட்டார். அமைதிக் காலத்திலேயே தொண்டர்களைப் பயிற்றுவிக்க வேண்டும். காயமுற்றோரையும் அவர்களைப் பராமரிப்போரையும் எல்லா நாடுகளும் காக்க வேண்டும் என்று கேட்டார். 1863 பிப்ரவரியில் ஜெனீவாவில் ஐவர் குழு கூடியது. 1864 ஆகஸ்டில் 12 நாடுகள் ஜெனீவா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன.

ஆனால் 1867இல் டுனாண்ட் தொழிலில் நொடித்துப் போனார். தாம் தொடங்கிய குழுவிலிருந்தே விலக நேர்ந்தது. ஜெனீவாவை விட்டு வெளியேறி, வறுமையில் அலைந்தார். உலகம் அவரை மறந்தது. கடைசியில் ஹைடன் என்ற சிற்றூரின் மருத்துவமனை அவருக்கு ஓர் அறை தந்தது. 1895இல் ஒரு பத்திரிகையாளர் அவரைக் கண்டு எழுதிய பின்பே உலகம் திரும்பிப் பார்த்தது. 1901இல் முதல் நோபல் அமைதிப் பரிசு அவருக்கும் பிரெடரிக் பாசி என்பவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அந்தப் பணத்தை அவர் தமக்கெனச் செலவிடவில்லை. ஹைடன் மருத்துவமனையில் ஏழை நோயாளிக்கு ஒரு படுக்கை எப்போதும் இலவசமாகக் கிடைக்க ஏற்பாடு செய்துவிட்டு, 1910 அக்டோபர் 30 அன்று இறந்தார்.

நல்ல சமாரியரின் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அந்தச் சமாரியரே ஒருநாள் வழியில் விழுந்து கிடந்தால் நாம் நின்று பார்ப்போமா? நம் பங்கில் ஓடி ஓடி உழைத்து, நோயாலோ கடனாலோ ஒதுங்கிப்போனவர் யாராவது இருக்கிறாரா? இந்த வாரம் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவோம். இறைவன் நம்மோடு இருப்பாராக.