அன்னமாக ஆடிய அன்னா

ருஷ்யாவில் பீட்டர்ஸ்பர்க் நகரில் துணி வெளுத்துப் பிழைத்த ஏழைத் தாயின் மகள் அன்னா பாவ்லோவா. பிறந்தது 1881-ல். நோஞ்சான் குழந்தை. ஒரு நாள் தாயுடன் 'பாலே' நடனம் பார்க்கப் போனவள், தானும் ஆடவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். பத்து வயதில் அரசாங்க நடனப் பள்ளியில் இடம் கிடைத்தது.

பாலே லேசான ஆட்டமல்ல. கால்விரல் நுனியிலேயே உடல் பாரம் முழுவதையும் தாங்க வேண்டும். உடுப்பும் விசித்திரம்தான். குடை விரித்தாற்போல் இடுப்பைச் சுற்றி நிற்கும் மெல்லிய வலைத்துணிப் பாவாடை. அதற்கு 'டூட்டு' என்று பெயர். வெள்ளை டூட்டு அணிந்து, உயிர் பிரியும் அன்னமாகப் பாவ்லோவா ஆடுவார். சில நிமிஷ நடனம். அதற்கே ஜனங்கள் திரண்டார்கள். லண்டன் வீட்டுக் குளத்தில் நிஜ அன்னங்களையே வளர்த்தார்!

உலகம் சுற்றிய அந்த மாது இந்தியாவுக்கும் வந்தார். 1929-ல் ஆஸ்திரேலியா சென்ற கப்பலில், மதுரையில் பிறந்த ருக்மிணி தேவியுடன் நட்பு வளர்ந்தது. ருக்மிணிக்குப் பாலே கற்க ஆசை. தம் குழுவிலிருந்த க்ளியோ நார்டியிடம் பயிலப் பாவ்லோவா வழி செய்தார். கூடவே, சொந்த நாட்டு நடனத்தைத் தேடும்படியும் தூண்டினார்.

அப்போது இங்கே சதிராட்டத்துக்கு மதிப்பில்லை. சிதம்பரத்திலும் திருவண்ணாமலையிலும் கோபுரத்துக் கற்சிலைகள் ஆடலாம். குடும்பப் பெண் ஆடினால் பழி! ருக்மிணி தேவி பழிக்கு அஞ்சவில்லை. மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்று, 1935-ல் அடையாற்றில் ஆடினார். மறு ஆண்டே கலாக்ஷேத்திரம் பிறந்தது.

பார்க்கப் பாவ்லோவா இல்லை. 1931 ஜனவரியில், ஹாலந்துக்கு ஆடப் போன இடத்தில் நுரையீரல் நோய் கண்டு, ஐம்பது வயது நிறையுமுன் கண்மூடிவிட்டார்.